சூரியனுக்கு ஓர் எவர்சில்வர்ப் பாண்டம்

இத்திங்கள் நான் எழுத எண்ணியிருந்தது வேறு விஷயம். கோடை விடுமுறைக்கு ஊர் செல்வோர் முன்பதிவில் செய்யும் தவறுகளைப் பற்றிக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அதற்குள் எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் ஒரு வழக்கு எழுந்து, அதற்கு என்னை நடுவராக உட்கார வைத்துவிட்டார்கள். அந்த வழக்கைப் பற்றியே எழுதுகிறேன். விடுமுறை எங்கும் ஓடிவிடாது. அடுத்த இதழில் பார்த்துக்கொள்வோம்.

அந்த வீட்டு அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்தவர். அவருடைய தகப்பனார் இளமையில் ஆமதாபாத்துக்கு வந்து ஒரு பஞ்சாலையில் நெசவுப் பகுதியில் வேலை பார்த்தவர். அந்த ஆலை ஒரு நாள் மூடப்பட்டது. சேர வேண்டிய பணம் முழுவதும் கைக்கு வராமலே பெரியவர் காலமானார். அண்ணாச்சி ஒரு கடையில் கணக்கெழுதி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மூத்த பெண் பௌதிகத்தில் பட்டம் பெற்றிருக்கிறாள். அடுத்து எம்.எஸ்ஸி. சேர்ந்து, பின்பு காந்திநகர் செல்லும் வழியில் பாட் கிராமத்தில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர வேண்டுமென்பது அவளுடைய ஆசை. வங்கித் தேர்வு எழுதிச் சம்பளம் வாங்க வேண்டுமென்பது தகப்பனாரின் ஆசை.

“தம்பி, நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர். நீங்களே சொல்லுங்கள். சூரியனைப் பூமியில் செய்யப் போகிறார்களாம். எப்போது என்று கேட்டால் 2039 என்கிறாள். அதுவரை இவள் என்ன சாப்பிடுவாள்?” என்றார் அண்ணாச்சி.

அப்பெண்ணின் தாயார் என் பக்கம் ஒரு தம்ளர் காப்பியை நகர்த்தினார். இலஞ்சம் யார் தரப்பிலிருந்து வந்தது என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நான் பள்ளிப் படிப்போடு நின்று சரக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். ஆயினும் தீர்ப்புச் சொல்ல ஒரு வார அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு நூல் நிலையத்துக்குச் சென்றேன். தெரிந்தவர்களையும் விசாரித்தேன். அறிந்தவற்றில் எனக்கு விளங்கிய மட்டும் இங்கே தருகிறேன்.

முதலில் சூரியனுடைய சமாசாரம். பெரிய அணுவைப் பிளந்து சக்தி பெறுவது அணுப் பிளவு. கல்பாக்கத்திலும் தாராப்பூரிலும் நடப்பது அது. சிறிய அணுக்களின் கருக்களை ஒன்றோடொன்று சேரச் செய்து சக்தி பெறுவது அணுக்கரு இணைவு. சூரியனில் நடப்பது அது. அங்கே ஹைட்ரஜன் கருக்கள் சேர்ந்து ஹீலியம் ஆகின்றன. அந்த ஹீலியத்தின் அடையாளமான மஞ்சள் கோடு சூரிய ஒளியில் முதன்முதல் தென்பட்டது 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த பூரண கிரகணத்தின்போது. அதைக் காண ஜான்சன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி முகாமிட்டிருந்த இடம், அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்த குண்டூர். சூரியனுடைய அடுப்புச் சாம்பலை உலகம் கண்டுகொண்டது நம் பக்கத்து வானத்தின் கீழேதான் என்று சொல்லிக்கொள்வதில் பெரிய பிழையில்லை. பூமியில் அதே பொருள் கிடைத்தது 1895-இல்தான்.

பூமியில் இணைவுக்கு எடுத்துக்கொள்வது ஹைட்ரஜனின் இரு உறவினர்கள். ஒன்று டியூட்டிரியம், கடல் நீரில் அளவின்றிக் கிடைப்பது. மற்றொன்று டிரிட்டியம், இயற்கையில் மிக அரிது, லிதியத்திலிருந்து உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர வேண்டுமானால் சுமார் 15 கோடி டிகிரி உஷ்ணம் வேண்டும். சூரியனின் நடுப்பகுதியைப் போல் பத்து மடங்கு! சூரியனுக்குத் தன் பெருத்த உடலின் கனமே அழுத்தம் தருகிறது. நமக்கு அந்த வசதி இல்லை. அவ்வளவு உஷ்ணத்தில் வாயு, பிளாஸ்மா என்ற மின்னேற்ற நிலையை அடைகிறது. அதை எந்தப் பாத்திரத்திலும் ஊற்றி வைக்க முடியாது. ஆகையால் காந்த விசையாலான கூண்டில், வளையல் போன்ற அறைக்குள், சுவரில் படாமல் சுழல விடுகிறார்கள். இவ்வகை யந்திரத்துக்கு ருஷ்யர்கள் வைத்த பெயர் டோகமாக்.

இது கைகூடும் காலத்தைப் பற்றிப் பெரியவர்களே ஏமாந்திருக்கிறார்கள். 1955-இல் ஜினிவாவில் கூடிய அணுசக்தி மகாநாட்டுக்குத் தலைமை வகித்த நம் ஹோமி பாபா, இருபது ஆண்டுகளுக்குள் இதற்கு வழி பிறந்துவிடும் என்று முன்னறிவித்தார். அந்த இருபது ஆண்டுகள் 1975-இல் முடிந்தன. அண்ணாச்சியின் சந்தேகத்தை நான் குறைவாக மதிக்கவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பலன் எதுவும் இல்லையா என்றால் உண்டு. இங்கிலாந்தில் கல்ஹம் என்னுமிடத்தில் ஐரோப்பிய நாடுகள் கூடி நடத்திய ஜெட் என்ற டோகமாக், 2023 அக்டோபரில் ஒரே சோதனையில் 69 மெகாஜூல் சக்தியை வெளிப்படுத்திற்று. செலவான எரிபொருள் ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. நம் வீட்டு மின் மீட்டர்க் கணக்கில் அந்தச் சக்தி ஏறத்தாழ 19 யூனிட். எறும்பின் தலையளவும் இல்லாத எரிபொருளில் 19 யூனிட் என்றால் வியப்புத்தான். ஆனால் அதைப் பெற உள்ளே செலுத்திய சக்தி அதைவிட அதிகம். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் லேசர் ஒளியைக் கொண்டு செய்த சோதனையில் 2.05 மெகாஜூல் ஒளியைப் பாய்ச்சி 3.15 மெகாஜூல் பெற்றார்கள்; உலகமெங்கும் பத்திரிகைகள் கொண்டாடின. அந்த லேசர்களை முடுக்க மின்கம்பியிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல் என்ற செய்தி கொட்டை எழுத்தில் வரவில்லை.

இனி, இவ்வேலையைச் செய்வது யார் என்ற கேள்விக்கு வருகிறேன். என் மனத்தைப் பிடித்துக்கொண்டது இந்தப் பகுதிதான்.

பாட் கிராமத்து நிலையத்தின் வேரைத் தேடிப் போனால் அது 1947-க்குப் போகிறது. அவ்வாண்டில் விக்ரம் சாராபாய் என்ற இளைஞர் இந்நகரில் இரண்டு ஸ்தாபனங்களுக்கு வித்திட்டார். ஒன்று பௌதிக ஆராய்ச்சிக் கூடம். தொடக்கத்தில் அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. மகாத்மா காந்தி விஞ்ஞானக் கல்லூரியின் சில அறைகளில் நடந்தது. கொடுத்து உதவியவை சாராபாய் குடும்பத்துக் கல்வி அறநிலையமும் ஆமதாபாத் கல்விச் சங்கமும். இவற்றுக்குப் பின்னே நின்றவர்கள் இந்நகரத்து ஆலை முதலாளிகள். பின்னர் மத்திய அரசாங்கம் கை கொடுத்தது. கல்லூரி இடம் தர, தொழில் பணம் தர, அரசாங்கம் பின்னாலே வந்து தாங்க, ஓர் ஆராய்ச்சிக் கூடம் நிமிர்ந்தது. இன்று தொழில், அரசாங்கம், பல்கலைக் கழகம் ஆகிய மூன்றும் கைகோக்க வேண்டுமென்று மேடைதோறும் பேசுகிறார்கள். அதைப் பேச்சில்லாமல் செய்து காட்டிய ஊரில்தான் நாம் குடியிருக்கிறோம்.

அக்கூடத்தின் முதல் இயக்குநர் யார் தெரியுமா? கே. ஆர். இராமநாதன். பாலக்காட்டுக் கல்பாத்தியைச் சேர்ந்தவர்; சர் சி. வி. இராமனோடு கல்கத்தாவில் ஒளிச்சிதறல் ஆராய்ச்சி செய்தவர். வானிலைத் துறையில் ஓய்வு பெற்றபின் இங்கு வந்து, இளைஞர்களோடு புதிதாகத் தொடங்கியவர். பிழைப்புக்காக வடக்கே வந்த நாம் அனைவரும் இப்பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நானே போன மாதம்தான் அறிந்தேன்.

அதே 1947-இல் சாராபாய் தொடங்கிய மற்றொன்று ஆமதாபாத் நெசவுத் தொழில் ஆராய்ச்சிச் சங்கம். ஆலைகள் சந்தா செலுத்த, அரசாங்கம் பங்கு தர, விஞ்ஞானிகள் பஞ்சையும் நூலையும் ஆராய்ந்தார்கள். ஆலைகள் பல மறைந்தன; ஆராய்ச்சி நிலைத்தது. பௌதிக ஆராய்ச்சிக் கூடத்திலேயே 1982-இல் பிளாஸ்மா ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் பிரதிமன் கிருஷ்ண காவ். அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் பணி செய்துவிட்டுத் திரும்பியவர். இந்திரா பாலத்தருகே பாட் கிராமத்தில் குடி புகுந்த அத்திட்டம் 1986-இல் தனி நிலையமாகப் பிரிந்தது. காவ் 2017-இல் காலமானார்.

அங்கே 1989-இல் ஓடத் தொடங்கிய டோகமாக்கின் பெயர் ஆதித்யா. அதற்குச் சற்று முன்பே கல்கத்தாவில் சாஹா அணுபௌதிக நிலையம் ஒரு சிறு டோகமாக்கை ஜப்பானியக் கம்பெனியிடமிருந்து வாங்கி நிறுவியிருந்தது. ஆதித்யாவை வாங்கவில்லை; இங்கேயே வரைந்து இங்கேயே செய்தார்கள். வாங்கிய யந்திரம் சோதனைக்கு உதவும். செய்த யந்திரம் செய்தவர்களையே மாற்றிவிடும். காந்தச் சுருள் சுற்றவும், காற்றை உறிஞ்சி எடுத்த கலத்தை ஒழுக்கின்றிப் பற்றவைக்கவும், பெரிய மின்னோட்டத்தை நொடியில் திருப்பிவிடவும் நம் தொழிற்சாலைகள் அதனால் பழகின. அடுத்து வந்தது மீக்கடத்திக் காந்தங்களையுடைய எஸ்.எஸ்.டி.-1. அது உடனே கைகூடவில்லை. பூட்டியதைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி பூட்டி, 2013-இல்தான் முதல் பிளாஸ்மாவைக் கண்டார்கள். ஓடாத யந்திரத்தைப் பிரித்துப் பூட்டுகிறவனின் மனநிலையை லோகோ ஷெட்டில் வேலை செய்யும் நம் அன்பர்களிடம் கேட்டால் தெரியும்.

இந்த அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் 2005 டிசம்பரில் இந்தியா ஈடர் என்ற சர்வதேச முயற்சியில் சேர்ந்தது. தெற்கு பிரான்சில் கதராஷ் என்னுமிடத்தில் கட்டப்படும் உலகின் மிகப் பெரிய டோகமாக் அது. 1985-இல் ஜினிவாவில் ரீகனும் கோர்பசேவும் சந்தித்தபோது முளைத்த யோசனை. ஐரோப்பா, அமெரிக்கா, ருஷ்யா, ஜப்பான், சீனா, கொரியா, இந்தியா ஆகிய ஏழு தரப்பாரும் 2006 நவம்பரில் பாரிசில் கையெழுத்திட்டார்கள். நம் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது. அதில் பெரும்பகுதியைப் பணமாக அன்று, பொருளாகச் செய்து கொடுக்க வேண்டும். ஆனால் கிடைக்கும் அறிவு முழுவதும் எல்லோருக்கும் பொது. குமாஸ்தாக் கணக்கில் இதைவிட நல்ல பேரம் நான் கண்டதில்லை.

நாம் செய்து கொடுத்தவற்றில் பெரியது, தலைப்பில் நான் சொன்ன பாண்டம். விஷயம் இதுதான். நடுவிலே 15 கோடி டிகிரிப் பிளாஸ்மா. அதைக் காக்கும் காந்தங்களோ திரவ ஹீலியத்தில் பூஜ்யத்துக்கும் கீழே 269 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். இந்தக் குளிர் வெளிக்காற்றால் கெடாமல், காந்தங்களைச் சுற்றி வெற்றிடத்தை நிறுத்தி வைக்க ஒரு பிரம்மாண்டமான உறை தேவை. ரயிலில் காப்பி கொண்டுபோகும் ப்ளாஸ்கின் தத்துவமே. ஆனால் இந்த ப்ளாஸ்கு சுமார் 29 மீட்டர் உயரம், அதே அளவு அகலம், 3,850 டன் எடை; துருப்பிடிக்காத எஃகால் ஆனது. “எவர்சில்வரா?” என்று கேட்டார் அப்பெண்ணின் தாயார். ஆம் அம்மா, அதே குடும்பந்தான்.

இதன் வரைபடம் காந்திநகர்ப் பக்கத்து நிலையத்தின் பொறுப்பு. செய்யும் ஒப்பந்தம் 2012-இல் லார்சன் அண்டு டூப்ரோ கம்பெனிக்குக் கிடைத்தது. சூரத்துக்கு அருகே ஹஜீராவில் உள்ள அவர்களுடைய தொழிற்சாலையில் வேலை நடந்தது. முழுதாகச் செய்தால் எப்படி அனுப்புவது? எங்கள் இலாகாவில் இத்தகைய அளவு மீறிய சரக்குக்கு ஓ.டி.சி. என்று பெயர். ஒரு மின்மாற்றியை அனுப்புவதற்கே பாலம், சுரங்கம், மின்கம்பி எல்லாவற்றையும் அளந்து, மணிக்கு இத்தனை மைல் என்று கட்டுப்பாடு விதித்து, கோட்டத்துக்குக் கோட்டம் அனுமதி வாங்க நாங்கள் படும் பாடு சொல்லி முடியாது. இந்தப் பாண்டத்தை 54 துண்டுகளாகச் செய்து கப்பலில் ஏற்றினார்கள். மத்தியதரைக் கடலில் ஃபோஸ் துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து உள்நாட்டு நீர்வழியிலும், பிறகு பிரெஞ்சு அரசாங்கம் இதற்கென்றே பாலங்களைப் பலப்படுத்தி, சாலைச் சந்திப்புகளை மாற்றியமைத்து வைத்த 104 கிலோமீட்டர்ப் பாதையிலும் இரவு நேரங்களில் ஊர்ந்து கொண்டுசேர்த்தார்கள். அதைப் படித்த இரவு எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது. ஒரு சரக்குக்காக ஒரு சாலையையே திருத்திக் கொடுக்கிற தேசமும் இருக்கிறதே!

கதராஷில் இந்தியக் கம்பெனி கட்டிய கொட்டகையில் ஜெர்மானியப் பற்றவைப்பாளர்கள் அத்துண்டுகளை அடிப்பாகம், கீழ் உருளை, மேல் உருளை, மூடி என்று நான்கு பெரும் பாகங்களாகச் சேர்த்தார்கள். மீட்டர்க் கணக்கில் பெரிய பொருள். மில்லிமீட்டர்க் கணக்கில் பிழை பார்க்கப்பட்டது. 2020 மே மாதம், உலகம் முழுவதும் தொற்றுநோய்க்கு அஞ்சி வீட்டுக்குள் இருந்தபோது, 1,250 டன் எடையுள்ள அடிப்பாகம் பாரந்தூக்கியால் குழிக்குள் இறக்கப்பட்டது. நிலக்கரி நிரப்பிய 14 வேகன்களை ஒரே தூக்கில் தூக்கி வைப்பதற்கு ஒப்பாகும்.

இதைக் கேட்டு அண்ணாச்சியின் முகம் சற்று மலர்ந்தது. ஆனால் நடுவர் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டுமல்லவா?

ஏழு தரப்பார் சேர்ந்து செய்யும் யந்திரத்தில் இடைஞ்சலும் ஏழு மடங்கு. அகலப் பாதையும் குறுகிய பாதையும் சந்திக்கும் நிலையங்களில் சரக்கு மாற்றும்போது சேதம் நேர்ந்தால், இந்தப் பக்கத்தாரும் அந்தப் பக்கத்தாரும் “எங்களிடம் வந்தபோதே அப்படி” என்று எழுதிக்கொள்வது பழைய வழக்கம் என்று மூத்த ஊழியர்கள் சொல்வார்கள். ஈடரிலும் சந்திப்பிலேதான் வினை. பிளாஸ்மா சுழலும் உட்கலம் ஒன்பது பகுதிகளாகச் செய்யப்படுவது. வந்து சேர்ந்த சில பகுதிகளின் ஓரங்கள், ஒன்றோடொன்று பற்றவைக்க ஏற்றபடி அளவில் அமையவில்லை. வெப்பத்தைத் தடுக்கும் தகடுகளின் குளிரூட்டும் குழாய்களிலும் வெடிப்புகள் தெரிந்தன. 2022-இல் இவை வெளிப்படையாக அறிவிக்கப்பட்டன. உள்ளே வைத்ததை வெளியே எடுத்துச் செப்பனிட நேர்ந்தது. தொடக்கத் திட்டத்தில் 2016 என்றும், பின்பு 2025 என்றும் சொல்லப்பட்ட முதல் ஓட்டம், 2024-இல் வகுத்த புதிய திட்டப்படி 2034-க்குப் போயிற்று. டியூட்டிரியமும் டிரிட்டியமும் சேர்ந்து எரிவது 2039. அப்போதும் அந்த யந்திரம் ஒரு விளக்கையும் எரிக்காது. 50 மெகாவாட் செலுத்தி 500 மெகாவாட் உஷ்ணம் பெற முடியும் என்று காட்டுவதே அதன் நோக்கம். மின்சாரம் அதற்கடுத்த யந்திரத்தின் வேலை.

இவ்வளவு தாமதத்தைப் பொறாமல் தனியார் பணம் வேறு வழியில் புறப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி பல ஆண்டுகளாக நடத்திய டோகமாக்குக்கு அரசாங்கம் உதவியை நிறுத்தவே, 2016-இல் அது மூடப்பட்டது. அங்கிருந்தவர்கள் சோர்ந்துவிடாமல் 2018-இல் காமன்வெல்த் ஃப்யூஷன் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். இத்தாலிய எண்ணெய்க் கம்பெனி உள்படப் பலர் முதல் போட்டார்கள். 2021 செப்டம்பரில் கல்லூரியும் கம்பெனியும் சேர்ந்து, புதுவகை மீக்கடத்தி நாடாவால் சுற்றிய காந்தத்தில் 20 டெஸ்லா வலிமையை எட்டிக் காட்டின. காந்தம் வலிதானால் யந்திரம் சிறிதாகும். யந்திரம் சிறிதானால் விரைவில் கட்டலாம் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். ஆயினும் முதல் போட்டவன் அறிவைப் பூட்டி வைப்பான். பாட் கிராமத்து மாணவியும் கொரிய மாணவனும் ஒரே வரைபடத்தைப் பார்க்கலாம் என்ற ஈடரின் வழியை அதற்காக இழந்துவிடக் கூடாதென்பது என் கட்சி. இரண்டும் நடக்கட்டும், எந்தக் கட்டணத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்வோம்.

இடைக்காலத்தில் சோறு போடுவது எது என்ற அண்ணாச்சியின் கேள்விக்கும் விடை அந்நிலையத்திலேயே இருந்தது. 1997-இல் அவர்கள் தொழில்களுக்கென்று தனிக் கிளை ஒன்று திறந்தார்கள். பிளாஸ்மாவால் யந்திரப் பற்சக்கரங்களின் மேற்பரப்பைக் கடினமாக்குவது, ஆஸ்பத்திரிக் கழிவுகளைப் பிளாஸ்மாச் சூட்டில் அழிப்பது போன்ற முறைகளைச் செய்து பார்த்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். சூரியனுக்காகக் கற்ற வித்தை பற்சக்கரத்துக்கும் உதவுகிறது. எம்.எஸ்ஸி. முடித்து ஜெஸ்ட் போன்ற பொதுத் தேர்வில் தேறினால் ஆராய்ச்சி மாணவருக்கு மாதந்தோறும் உதவித் தொகையும் உண்டு. வங்கிச் சம்பளத்துக்கு ஈடாகாது, பட்டினியும் இல்லை.

குறித்த ஞாயிற்றுக்கிழமை மாலை இத்தனையையும் சொல்லி முடித்தேன். அண்ணாச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த முதல் ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஆலைக்காரர்கள் பணம் கொடுத்தார்கள் என்றீர்களே, அது எந்த வருஷம்?” என்றார். 1947 என்றேன்.

“என் தகப்பனார் வந்தது அதற்கு எத்தனையோ வருஷம் பின்னால். ஆனாலும் அவரைப் போல் தறியில் நின்றவர்கள் நெய்த துணியில் வந்த பணம்தானே?” என்றார்.

ஆம் என்பதைத் தவிர நான் என்ன சொல்ல முடியும்? எந்த ரூபாய் எந்தத் தறியிலிருந்து வந்ததென்று கணக்கு ஏது? ஆயினும் அவர் முகத்தில் தெரிந்தது கோபமா, உரிமையா என்று எனக்குத் தெளிவாகவில்லை. இரண்டும் கலந்திருந்தது போலும். அவருடைய தகப்பனாருக்குச் சேர வேண்டிய பாக்கி இன்னும் சேரவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை.

பெண் எம்.எஸ்ஸி. விண்ணப்பத்தையும் வங்கித் தேர்வு விண்ணப்பத்தையும் இரண்டையுமே பூர்த்தி செய்து வைத்திருக்கிறாள். இரண்டிலும் தகப்பனாரின் கையெழுத்து இருக்கிறது. முதலாவதில் மை சற்று அழுத்தமாக விழுந்திருப்பதாக அவளுடைய தாயார் சொல்கிறார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டபோது அண்ணாச்சி வாசல்வரை வந்து, “தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தப் பாண்டத்துக்கு மூடி போட்டாயிற்றா?” என்று கேட்டார்.

“இல்லை, அண்ணாச்சி. 665 டன் மூடி; 2022-இலேயே பற்றவைத்து முடித்துவிட்டார்கள். உள்ளே வைக்க வேண்டியதெல்லாம் வைத்து முடியும்வரை பக்கத்தில் காத்திருக்கிறது” என்றேன்.